அங்கமுத்து, 71வது நிமிடம்

பாரத்தில் மூன்று கட்டங்கள்:
முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர்.
எட்டு நாட்டுக் கிளப்புகளுக்கும் ஒரே பாரம்.
என் அடையாள அட்டையைப் பார்த்து மேனேஜர் தட்டினார்:
யோகமலர். ஏ.பி. அங்கமுத்து.
"ஏ.பி. நடுப்பெயரா?" என்று
பேங்காக்கிலிருந்து ஒருவர் கேட்டாராம்.
மகள் என்று அர்த்தம் எனச் சொல்ல
யாருக்கும் நேரமில்லை.

அப்படித்தான் என் முதுகில் ஏறினார் அப்பா.
பதினான்காம் எண்ணுக்கு மேலே ஒன்பது வெள்ளை எழுத்து;
கடைசி எழுத்து அக்குள் பக்கம் சரிந்துவிட்டது.

தஞ்சோங் தோக்கோங்கில் முப்பது மாடிக் கட்டடமொன்றுக்கு
அவர் இரவு ஜாகா.
எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட்.
நாங்கள் சந்திப்பது காலை ஆறே முக்காலுக்கு, லிஃப்ட் வாசலில்.
நான் இறங்குவேன், அவர் ஏறுவார்.
சாப்டியா. சாப்டேன்.
"பொம்பளப் புள்ள பந்துக்குப் பின்னால..." என்று
ஒருமுறை தொடங்கினார்.
லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை, நாலரை மணி ஆட்டம்.
ஒருநாள் சம்பளமில்லா விடுப்பு.
பார்க்க வந்தவர்களை சியூ யென் எண்ணினாள்:
நூற்றுப் பத்து,
போலீசையும் ஐஸ் கச்சாங்காரரையும் சேர்த்து.
புனோம் பென்காரிகளின் பதினோராம் எண் சின்னப் பெண்,
பல்லுக்குக் கம்பி போட்டவள்.
வரிசையில் என் முதுகை எட்டிப் படித்து
மெல்ல உச்சரித்துப் பார்த்தாள்.
ஆங்-கா-மூ.
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

முதல் பாதியில் அவளை இரண்டு முறை நிறுத்தினேன்.
மூன்றாவது முறை அவளே வழுக்கி விழுந்தாள்,
அதையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.
இடைவேளையில் பார்த்தால்
ஆயர் ஈத்தாம் மலையைக் காணோம்.
பிறகு மழை.
கோச் ரோஸ்மாவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது:
"வெளியே அடி! வெளியே!"

வெளியேதான் அடித்தேன்.
சேற்றில் ஊன்றிய இடக்கால் நகர்ந்தது,
வலக்கால் வேறு யாருடையதோ ஆனது.
ஐந்து வருடம் எனக்குப் பின்னால் நின்றவள்
முதல்முறை எனக்கெதிராகக் கைவிரித்துப் பாய்ந்தாள்.
பந்து அவசரப்படவே இல்லை.
அவள் விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவே
செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி
நுழைந்தது.

ஒலிபெருக்கி கொஞ்சம் யோசித்தது.
அங்கமுத்து, ஓன் கோல், எழுபத்தொன்றாவது நிமிடம்.
மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
இரவெல்லாம் அடுத்தவர் காருக்குக் கட்டை தூக்கிவிட்டு
அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனிதர்
இரண்டு மொழிகளில் குற்றவாளியானார்.

கம்பிப் பல்காரி கொண்டாட ஓடவில்லை.
சேறு விழுங்கிய என் பூட்சைப் பிடுங்கி எடுத்து நீட்டினாள்.
வாங்காமல் இருந்திருக்கலாம்.
வாங்கினேன்.

ஒன்றுக்குப் பூச்சியம். பிரிவில் நாங்கள் கடைசி.

மறுநாள் லிஃப்ட் திறந்தபோது அவர் ஏறவில்லை.
கேட்டில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள்,
முகமில்லாமல் முதுகு மட்டும் உள்ள என் படத்தை.
"என் பேரு எப்படிப் புள்ள அங்க போச்சு?"
மூன்று கட்டங்களைப் பற்றிச் சொன்னேன்.
ஏ.பி. வந்ததும் சிரித்துவிட்டார்,
உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.
மூடவந்த கதவைக் குடையால் தடுத்தபடி,
"வெள்ளிக்கிழமை இன்னொண்ணு இருக்காமே.
எந்தப் பக்கம் அடிக்கணும்னு கேட்டுட்டு அடி லா."
வருகிறேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஜெர்சியை அலசி
பன்னிரண்டாம் மாடிக் கம்பியில் போட்டேன்.
பதினான்கிலிருந்து சேறு போய்விட்டது,
பெயரிலிருந்து போகவில்லை.
அது சொட்டிக்கொண்டே இருந்தது,
கீழ்வீட்டு மக்சிக் ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டி
யாருடையது இது என்று கத்தும்வரை.

அங்கமுத்து, என்றேன்.